உள்ளடக்கலும் அடக்கமும்

2024 மே 1 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரத்தில் கூடிய ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையின் பொது மாநாடு, தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்குக் குருப்பட்டம் கிடையாது என்று 1984-இல் தானே எழுதி வைத்த சட்டத்தை நீக்கியது. ஆதரவு 692, எதிர்ப்பு 51. விவாதம் இல்லை. சண்டை வராது என்று கமிட்டிகள் கருதுகிற தீர்மானங்களை மொத்தமாகக் கட்டி ஒரே ஓட்டில் நிறைவேற்றுகிற பட்டியல் ஒன்று அங்கே உண்டு. அந்தக் கட்டோடு கட்டாக இதுவும் போய்விட்டது. மறுநாள், 1972 முதல் அவர்களுடைய சமூகக் கோட்பாடுகளில் இருந்த வாசகமும் - இந்த நடத்தை கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்கிற வாசகம் - 523-க்கு 161 என்ற கணக்கில் போனது. ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், பாடினார்கள்.

இதில் நமக்கு என்ன? 'அதெல்லாம் வெள்ளக்காரன் கத. இங்க பொணத்தத் தூக்கிட்டுப் போகப் பாத இல்ல, அங்க எவன் எவனக் கட்டுனா நமக்கென்ன' என்று நம் தோழர்களே கேட்பார்கள். 'பாத்தீங்களா, திருச்சபை எவ்வளவு முற்போக்கா போகுது' என்று பேராயர் அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டே முற்போக்காளர் மகிழ்வார். 'கடைசிக் காலம் வந்துருச்சு' என்று கன்வென்ஷன் பிரசங்கியார் தொண்டை கிழியக் கத்துவார். மூன்று பேருமே விஷயத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கட்சி. ஷார்லட்டில் ஒரு சுவர் எழுத்தில் இருந்தது. எந்தப் புத்தகத்தில், எந்தப் பத்தியில், எந்த ஆண்டில் எழுப்பியது என்று விரலை வைத்துக் காட்ட முடிந்தது. அதனால் ஓட்டுப் போட்டு இடிக்க முடிந்தது. நம் சபையில் இருக்கிற சுவர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதாத சுவரை எந்த மாநாடு இடிக்கும்? இந்தக் கேள்விக்காகத்தான் அந்த ஊர்க் கதையை நாம் கவனமாக வாசிக்க வேண்டும் என்கிறேன்.

*

முதலில் ஒரு சொல். 'இன்குளூஷன்' என்பதைத் தமிழில் 'உள்ளடக்கல்' என்று எழுதுகிறார்கள். கருத்தரங்கு அழைப்பிதழ்களில் இப்போது இந்தச் சொல் இல்லாமல் இல்லை. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அடக்குதல். அடக்குதல் என்றால் ஒடுக்குதல். வேதக்காரர் வீட்டுத் தமிழில் அடக்கம் என்றால் புதைப்பது. ஆக, உள்ளே விடுவதும், அடக்கி வைப்பதும், குழியில் இறக்குவதும் ஒரே வேர்ச்சொல்லின் மூன்று வேலைகள். மிஷனரி காலத்திலிருந்து இன்றைக்குவரை நமக்கு நடந்தது இந்த மூன்றும்தான், இதே வரிசையில்தான். ஞானஸ்நானம் கொடுத்து உள்ளே சேர்த்தான். பின்வரிசையில் அடக்கினான். செத்தபிறகு கல்லறைத் தோட்டத்தில் தனி மூலையில் அடக்கம் பண்ணினான். 'அடங்க மறு' என்று சேரிச் சுவரெல்லாம் எழுதி வைத்த சனம், 'எங்களை உள்ளடக்குங்கள்' என்று கேட்பதற்கு முன்னால் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். உள்ளடக்குகிறவன் வீட்டுக்காரன், உள்ளடக்கப்படுகிறவன் விருந்தாளி. விருந்தாளிக்கு எங்கே பாய் போடுவது என்று வீட்டுக்காரன்தானே முடிவு செய்வான்?

சும்மா சொல் விளையாட்டு இல்லை இது. இதே மெதடிஸ்ட் சபை தன் கறுப்பு உறுப்பினர்களை 'உள்ளடக்கிய' விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

*

1784-இல் பால்டிமோரில் அமெரிக்க மெதடிஸ்ட் சபை தொடங்கியபோது, அடிமை வைத்திருக்கிற உறுப்பினர்கள் அவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று விதி எழுதினார்கள். ஆறு மாதத்தில் நிறுத்தி வைத்தார்கள். பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை, இது உன் இடமில்லை என்று தூக்கி எழுப்பினார்கள். எழுந்தவர்கள் வெளியே நடந்தார்கள். ரிச்சர்ட் ஆலன் தலைமையில் 1816-இல் கறுப்பர்களுக்கென்று தனி மெதடிஸ்ட் சபையே பிறந்தது. 1844-இல் ஜார்ஜியாவின் பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமை வைத்திருந்ததை ஒட்டிய சண்டையில் சபை வடக்கு, தெற்கு என்று உடைந்தது.

உடைந்ததை ஒட்ட 95 ஆண்டு ஆனது. 1939-இல் ஒட்டினார்கள். என்ன பசை வைத்து ஒட்டினார்கள்? தெற்கத்தி வெள்ளைக்காரனுக்கு ஒற்றுமை வேண்டும், ஆனால் கறுப்புப் பேராயரின் அதிகாரத்துக்குக் கீழே அவன் வரமாட்டான். அதற்காகச் சபையை ஆறு மண்டலமாகப் பிரித்தார்கள். ஐந்து மண்டலங்களுக்கு நிலப்பரப்பு உண்டு - வடகிழக்கு, தென்கிழக்கு, வடமத்தி, தென்மத்தி, மேற்கு. ஆறாவதுக்கு நிலப்பரப்பு கிடையாது. கறுப்பர்களின் சபைப் பிரிவுகள் எங்கெங்கே இருந்தாலும் அவை எல்லாம் அதில். அதற்குப் பெயர் 'மத்திய மண்டலம்'. நடுவில் எங்கும் இல்லாத ஒன்றுக்கு 'மத்திய' என்று பேர் வைத்த கைக்காரத்தனத்தைக் கவனியுங்கள். நம்ம ஊரில் சேரிக்குப் 'புதுக்காலனி' என்று பேர் வைக்கிற அதே கை.

இந்தத் திட்டம் 1936-இல் ஓட்டுக்கு வந்தபோது மாநாட்டில் இருந்த கறுப்புப் பிரதிநிதிகள் 47 பேர். 36 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். 11 பேர் ஓட்டே போடவில்லை. ஆதரவு ஒருவரும் இல்லை. திட்டம் நிறைவேறியது. சபையார் எழுந்து நின்று, சீயோனுக்கு அணிவகுத்துப் போகிறோம் என்று பொருள்படும் பாட்டைப் பாடினார்கள். கறுப்பர்கள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அழுதவர்களும் உண்டு. யாரைப் பற்றிய சட்டமோ அவர்களில் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளாமல், அவர்கள் முன்னாலேயே பாட்டும் பாடி நிறைவேற்றுவதற்குப் பெயர் 'ஐக்கியம்'.

இங்கே ஒரு தோழர் குறுக்கே கேட்கலாம். 'தனித் தொகுதி வேணும்னு பாபாசாகேப் கேட்டாரே, மத்திய மண்டலத்துல கறுப்பர்களுக்குத் தனி பேராயர், தனி பிரதிநிதி எல்லாம் கெடச்சுதே, அப்ப அது நல்லதுதானே?' நல்ல கேள்வி. 1932-இல் அம்பேத்கர் கேட்டது, தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கிற உரிமையை. ஒடுக்கப்பட்டவன் தன் கைக்கு ஆயுதமாகக் கேட்டது அது. அதைக் காந்தி உண்ணாவிரதமிருந்து பறித்தார். செப்டம்பர் 24-இல் பூனாவில் கையெழுத்து வாங்கினார்கள். அமெரிக்காவில் நடந்தது நேர் எதிர். ஒடுக்கப்பட்டவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒடுக்கியவன் தன் தீட்டுக் கழிக்கக் கட்டியது. நமக்காக நாம் போடுகிற வேலி வேறு, நம்மிடமிருந்து தப்பிக்க அவன் போடுகிற வேலி வேறு. வேலி ஒன்றுபோலத் தெரியும். முள் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்த முள்வேலிக்குள்ளேயும் கறுப்பர்கள் சும்மா இருக்கவில்லை. அவன் கொடுத்த மண்டலத்தையே மேடையாக்கி, தங்கள் பேராயர்களைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மாநாட்டுக்கு மாநாடு இந்த மண்டலத்தை ஒழி என்று மனுக் கொடுத்தார்கள். 1968 ஏப்ரல் 23-இல் டல்லாஸில் ஐக்கிய மெதடிஸ்ட் சபை என்று புதிதாக உருவானபோது அதன் அமைப்புச் சட்டத்தில் மத்திய மண்டலம் இல்லை. 29 ஆண்டு. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு அப்போது 19 நாள்தான் ஆகியிருந்தது.

நமக்கு முக்கியமானது அதற்கு அடுத்து அவர்கள் செய்தது. சுவர் போய்விட்டது, இனி எல்லாரும் சகோதரர் என்று கலைந்து போகவில்லை. 1968 பிப்ரவரியிலேயே கறுப்பு மெதடிஸ்டுகள் சின்சினாட்டியில் கூடித் தங்களுக்கென்று ஓர் அமைப்பு கட்டிக்கொண்டார்கள். சமயமும் இனமும் பற்றிய ஆணையம் ஒன்று சபைக்குள்ளேயே அதே ஆண்டு உருவானது. 1972-இல் பெண்களுக்கான ஆணையம் வந்தது. இந்த ஆணையங்கள் செய்கிற வேலைகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பொது மாநாட்டில் உட்கார்ந்துகொண்டு எண்ணுகிறார்கள். யார் எழுந்து பேசினார், ஆணா பெண்ணா, எந்த இனம், கமிட்டித் தலைமை யாருக்குப் போனது - எண்ணி, சபையார் முன்னாலேயே கணக்கை வாசிக்கிறார்கள். தேவன் எல்லாரையும் நேசிக்கிறார் என்ற பிரசங்கத்தைவிட இந்தக் கணக்கு வலிமையானது. வங்கியில் பேரேடு எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறேன்: ஏட்டில் ஏறாத பணத்தை எவன் எடுத்தான் என்று எந்தத் தணிக்கைக்காரனாலும் கேட்க முடியாது.

*

இனத்துக்கு எழுதிய சுவரை எடுத்து நான்கு ஆண்டுதான். அதே சபை இன்னொரு சுவரை எழுதத் தொடங்கியது. 1972, அட்லாண்டா மாநாடு. புதிய சமூகக் கோட்பாடுகளின் வரைவில், தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் மதிப்புக்குரிய மனிதர்கள், அவர்களுடைய மனித உரிமையும் குடியுரிமையும் காக்கப்பட வேண்டும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. ஒரு பிரதிநிதி எழுந்தார். அந்த வாக்கியத்தின் முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போடுங்கள் என்றார். காற்புள்ளிக்குப் பின்னால் வந்ததுதான் அந்த 'ஒவ்வாதது'. உரிமையில் தொடங்கிய வாக்கியம் தீட்டில் முடிந்தது. ஒரு காற்புள்ளியை எடுக்க 52 ஆண்டு தேவைப்பட்டது. கவிதை எழுதுகிறவர்கள் நிறுத்தக்குறி பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவோம். நிறுத்தக்குறிக்கு இவ்வளவு ரத்தம் குடிக்கத் தெரியும் என்பதை இந்தக் கதையில்தான் பார்த்தேன்.

அந்தக் காற்புள்ளியிலிருந்து சுவர் வரிசை வரிசையாக வளர்ந்தது. 1976-இல் இவர்கள் தொடர்பான வேலைகளுக்குச் சபைப் பணம் போகக் கூடாது என்றார்கள். 1984-இல் குருப்பட்டம் இல்லை. 1996-இல் இவர்களின் இணைப்புச் சடங்கைச் சபைக் குருமார் நடத்தக் கூடாது. நடத்தியவர்களைச் சபை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஜிம்மி கிரீச் 1999-இல் பட்டம் இழந்தார். பெத் ஸ்ட்ரௌட் என்ற பெண் குரு, தன் துணைவியோடு வாழ்வதை ஒளிக்காமல் சொன்னதற்காக 2004-இல் இழந்தார். பிராங்க் ஷேஃபர் தன் சொந்த மகனுக்குத் திருமணம் செய்து வைத்ததற்காக 2013-இல் இழந்து, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் திரும்பப் பெற்றார்.

எதிர்த்து நின்றவர்களும் எழுத்தைப் பிடித்தேதான் நின்றார்கள். அந்தச் சபையில் எந்தச் சாதாரண உறுப்பினரும் பொது மாநாட்டுக்கு மனுப் போடலாம். 1980-களில் சபை சபையாகப் போய், 'எங்கள் சபை எல்லாரையும் வரவேற்கிறது' என்று தீர்மானம் போட வைத்து ஒரு வலைப்பின்னலைக் கட்டினார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாநாடு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தோல்வி. திரும்பவும் மனு. 2000-இல் கிளீவ்லாந்து மாநாட்டுக்கு வெளியே மறியல் செய்து ஏறக்குறைய 200 பேர் கைதானார்கள். கைதானவர்களில் ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பு மெதடிஸ்ட் குருவும் இருந்தார்.

லாசனை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1953 முதல் 1956 வரை நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மிஷனரியாக வேலை பார்த்தவர். காந்தியைப் படிக்க வந்தார். அவர் ஊர் திரும்பிய அதே 1956-இல், அதே நாக்பூரில், அக்டோபர் 14-இல் பாபாசாகேப் லட்சக்கணக்கான நம் சனத்தோடு இந்து மதத்தை உதறினார் என்பது வரலாற்றின் குசும்பு. அமெரிக்காவில் நாஷ்வில் மாணவர்களுக்கு உணவகங்களில் குந்தி மறியல் செய்யப் பயிற்சி கொடுத்தது லாசன். 1960-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. 1968-இல் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முன்நின்று நடத்தி, கிங்கை அங்கே அழைத்தவரும் அவர்தான். மத்திய மண்டலம் என்ற தீட்டுச் சுவரைத் தன் வாழ்நாளில் பார்த்த மனிதர், 71 வயதில் இன்னொருவனின் சுவருக்காகப் போய்க் கைதாகிறார். 'இது எங்க பிரச்சனை இல்ல' என்று சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யார்? சொல்லவில்லை. ஷார்லட் ஓட்டு நடந்து ஒன்றரை மாதத்துக்குள், 2024 ஜூன் 9-இல், 95 வயதில் இறந்தார்.

*

வெற்றியின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2019-இல் செயின்ட் லூயிஸில் இதே சபை கூடி, தடையை இன்னும் இறுக்குகிற திட்டத்தை 438-க்கு 384 என்று நிறைவேற்றியது. ஐந்து ஆண்டில் 692-க்கு 51 என்று எப்படி மாறியது? எல்லாருக்கும் மனம் திரும்பிவிட்டதா? இல்லை. இடையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 7,600 சபைகள், ஏறத்தாழ நான்கில் ஒன்று, சொத்துக் கணக்கை முடித்துப் பணம் கட்டிவிட்டு வெளியேறின. 2022 மே 1-இல் அவர்களுக்கென்று தனி மெதடிஸ்ட் சபையும் தொடங்கியது. எதிர்த்தவனில் பெரும்பகுதி மண்டபத்திலேயே இல்லை. ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் பலர் விசா கிடைக்காமல் வர முடியவில்லை. மே மாத முடிவிலேயே பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் உள்ள ஐவரி கோஸ்ட் சபை விலகுவதாக முடிவெடுத்தது.

இதை வைத்து 'ஆப்பிரிக்கன் பிற்போக்கு, வெள்ளையன் முற்போக்கு' என்று எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. இந்தப் பாவக் கணக்கை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் கொண்டுபோனவன் யார்? மிஷனரிதானே? முப்பாட்டன் கற்றுக்கொடுத்த பாடத்தை ஒழுங்காக ஒப்பித்ததற்காகப் பேரன் வந்து அடிக்கிறான். திருமணம் பற்றிய வாசகத்தில் சிக்கல் வந்தபோது, ஆணும் பெண்ணும் என்பதையும் வயது வந்த இருவர் என்பதையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வழி திறந்த திருத்தம் ஜிம்பாப்வே பெண் பிரதிநிதி ஒருவருடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு கண்டமும் தன் விதிகள் சிலவற்றைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்கிற ஏற்பாட்டையும் ஷார்லட் நிறைவேற்றியது. 2025-இல் அது உறுதியானது. ஆப்பிரிக்கன் தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கிற உரிமையா, இல்லை புதுப்பேர் வைத்த இன்னொரு ஆறாவது மண்டலமா? அந்த ஏற்பாட்டிலும் முள் எந்தப் பக்கம் என்று அந்தந்த மண்ணின் மனிதர்களே தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

*

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன் இங்கே கட்டிய சபை 1981-இல் தனிச் சபையாகிவிட்டது. ஷார்லட் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் மற்றவர்களும் கூடிச் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கிய தென்னிந்தியத் திருச்சபையைத்தான் நான் பேச வேண்டும். அதன் சினாடுதான் நம் பொது மாநாடு. அதன் அமைப்புச் சட்டத்தில் பறையர், பள்ளர், சக்கிலியருக்குத் தனி மண்டலம் என்று ஒரு வரியும் கிடையாது. எழுத்தில் நாம் எல்லாரும் ஒன்று. உறுப்பினரில் பெரும்பான்மை நம் சனம். ஆனால் தாளாளர் நாற்காலியில் யார், கல்லூரியில் யாருக்கு வேலை, சொத்துக் கமிட்டியில் யார் கையெழுத்து, பேராயர் தேர்தலில் எந்தச் சாதிக்கு எந்தச் சாதி கூட்டு என்பது டீக்கடையில் நிற்கிற சின்னப் பையனுக்கும் தெரியும். தெரியாதது சினாடின் ஏட்டுக்கு மட்டும்தான்.

இங்கே சாதியை எழுதி எதிர்த்தவர்களே இல்லையா? இருந்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். திருவிருந்திலும் உட்காருகிற இடத்திலும் வேற்றுமை கூடாது என்றார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். பலர் வெளியேறி, பின்னால் சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் இப்போது பெட்டியைத் தூக்கியவர்களுக்கு இங்கே 180 ஆண்டு மூத்த அண்ணன்கள் உண்டு. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு, சேர்ந்து உண்ணாதவனுக்குச் சபையில் இடமில்லை என்கிற அளவுக்குப் போனது. அதற்கும் முன்னால், 1820-களின் கடைசியில், சாதி வரிசை குலையக் கூடாது என்று மல்லுக்கட்டியவர் வேறு யாருமில்லை, வேதநாயகம் சாஸ்திரியார். அவர் கீர்த்தனைகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் நாமும் நெஞ்சுருகப் பாடுகிறோம். நல்ல கவிஞர்தான். நம்மைப் பக்கத்தில் உட்கார விடாத நல்ல கவிஞர்.

தடை எழுத்தில் வந்த பிறகு சாதி என்ன செய்தது? ஏட்டை விட்டு இறங்கி ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. 'சபையில சாதி கேக்காதீங்க பிரதர், நாமெல்லாம் கிறிஸ்துவுக்குள்ள ஒண்ணு' என்கிறவன்தான் பொண்ணு பார்க்கும்போது முதல் கேள்வியாக அதைக் கேட்கிறான். பவுல் கலாத்தியருக்கு எழுதியதைத் தலித்தின் வாயை அடைக்க மட்டுமே எடுத்து விடுவார்கள்.

இதில் இரட்டைக் கணக்கு ஒன்று நடக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியல் சாதி உரிமையிலிருந்து தள்ளி வைத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. இதற்காக டெல்லியில் ஊர்வலம் போகும்போது சபைத் தலைவர்கள் என்ன சொல்கிறார்கள்? மதம் மாறினாலும் சாதிக் கொடுமை போகவில்லை, சபைக்குள்ளும் தொடர்கிறது என்கிறார்கள். சரி. அதே வாயை வைத்துக்கொண்டு உள்ளூரில் ஒரு தலித் வாலிபன் எழுந்து கேட்டால், 'நம்ம சபையில அதெல்லாம் இல்லப்பா' என்கிறார்கள். அரசாங்கத்துக்குக் காட்டுகிற ஏட்டில் சாதி உண்டு. ஆண்டவருக்குக் காட்டுகிற ஏட்டில் சாதி இல்லை. எந்தக் கிளையிலும் இப்படி இரண்டு ஏடு வைத்தால் மேலாளருக்கு வேலை போகும். இங்கே அவருக்குப் பேராயர் அங்கி கிடைக்கிறது.

ஆகையால் நமக்கு இன்னொரு கண்டனத் தீர்மானம் வேண்டாம். 'சாதி பாவம்' என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கைதூக்கி நிறைவேற்றுவார்கள். அதனால் யாருக்கும் நயா பைசா நட்டமில்லை. நமக்கு வேண்டியது கணக்கு. ஒவ்வொரு திருமண்டலமும் தாளாளர், முதல்வர், கமிட்டி உறுப்பினர், பணியாளர் எண்ணிக்கையைச் சாதிவாரியாக எடுத்து அச்சிட்டுச் சபையார் கையில் தர வேண்டும். ஒவ்வொரு சேகரத்திலும் கல்லறைத் தோட்டம் பிரிந்து கிடக்கிறதா, எந்தச் சாதிக்கு எந்த மூலை என்று வரைபடத்தோடு எழுதி சினாடுக்கு அனுப்ப வேண்டும். சினாடு கூடும்போது யார் பேசினார், யார் பேசவிடாமல் மணி அடிக்கப்பட்டார் என்று எண்ணி, எல்லார் முன்னாலும் வாசிக்க ஆள் போட வேண்டும். தர மாட்டார்கள். தராவிட்டால் நாமே எடுப்போம். சேகரத்துக்கு ஒரு பட்டதாரிப் பையன், ஒரு பெண், ஒரு நோட்டு. இதற்குப் பேராயர் அனுமதி தேவையில்லை.

*

கடைசியாக, நம்மவர்களுக்கே ஒரு வார்த்தை. அது கசக்கும். 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. சட்டம் விட்டுவிட்டது, சபை விடவில்லை, சேரியும் விடவில்லை. நம் தெருவிலும் திருநங்கை இருக்கிறாள். நம் வாலிபர் சங்கத்திலும் பேசமுடியாமல் நிற்கிற பையன் இருக்கிறான். அவர்கள் கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்? 'மொதல்ல சாதி ஒழியட்டும், அப்புறம் பாக்கலாம்.' இந்த வசனம் எங்கேயோ கேட்டதாக இல்லை? முதலில் புரட்சி வரட்டும், சாதி தானா போயிரும் என்று இடதுசாரித் தோழர்கள் நமக்குச் சொன்ன அதே வசனம். முதலில் சுதந்திரம் என்று காங்கிரஸ்காரன் சொன்னது. முதலில் இரட்சிப்பு என்று பாதிரி சொன்னது. வரிசையில் எப்போதும் பின்னால் நிற்க வைக்கப்பட்டவன், தனக்குப் பின்னால் ஒருவனை நிறுத்திப் பார்த்து ஆறுதல் அடைவதுதான் சாதியின் ஏணி. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். லாசன் அந்த ஏணியில் ஏறவில்லை. நாமும் ஏற வேண்டாம்.

நாம் எண்ணத் தொடங்குகிற அந்த நோட்டில் பெண்களுக்கு ஒரு பத்தி வேண்டும். 1947-இல் தொடங்கிய சபையில் முதல் பெண் பேராயர் நந்தியாலில் வருவதற்கு 2013 ஆனது, 66 ஆண்டு. திருநருக்கும் ஒரு பத்தி வேண்டும். அவர்கள் பெயரை அவர்களே எழுதட்டும், நாம் எழுதித் தர வேண்டாம். உள்ளடக்குகிற வேலையை நாமும் ஆரம்பித்துவிடக் கூடாது.

அடுத்த சினாடுக்குப் போகிற நம் பிரதிநிதிகள், கூட்டத்துக்கு முந்தின இரவு தனித்தனி அறையில் தனித்தனித் தலைவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்காமல் ஒரே அறையில் உட்காருங்கள். கையில் நோட்டோடு உட்காருங்கள். இல்லாத சுவர் என்று அவர்கள் சாதிக்கிற சுவரை முதலில் ஏட்டில் ஏற்றுங்கள், கல் கல்லாக, ஊர் ஊராக. இடிப்பது அதற்கடுத்த வேலை.